கிணற்றடியில் கிடந்த பட்டடை

கல்முனைக் கரையில், எங்களில் ஒருவரின் மூத்தம்மா வீட்டுக் கிணற்றடியில் ஒரு இரும்புக் கட்டி கிடந்தது. வாளி வைப்பதற்கும், கால் கழுவ ஏறி நிற்பதற்கும், தேங்காயை ஓங்கி அடித்து உடைப்பதற்கும் அதுதான். சின்ன வயசில் நாங்கள் அதில் ஏறிக் குதிரை ஓடியிருக்கிறோம். ஒரு பக்கம் கூம்பாக நீண்டிருக்கும். அதுதான் குதிரையின் கழுத்து.

ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவர் படலையடிக்கு வந்தார். கட்டியைப் பார்த்ததும் அவருக்குக் கண் விரிந்தது. கிலோக் கணக்கில் விலை பேசத் தொடங்கிவிட்டார். உள்ளே இருந்து மூத்தம்மாவின் குரல் வந்தது: "அது நம்மட சாமான் இல்ல மனே. அமானிதம். கைய வெக்காதீங்க."

அன்றைக்குத்தான் அது என்னவென்று முதல் தடவையாகக் கேட்டோம். அது கொல்லன் பட்டடை. 1990இல், பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக் கொல்லர் ஒருவர் வண்டியில் ஏற்றி வந்து மூத்தாப்பாவிடம் ஒப்படைத்துப் போனாராம். "நிலைமை சரிவந்தா வந்து எடுக்கிறன்" என்றாராம். வரவில்லை. மூத்தாப்பாவும் மௌத்தாகிவிட்டார்.

ஆனால் அதே வீட்டில் ஒரு மாமா வேறு கதை சொன்னார். கொல்லரின் பட்டறை எரிந்த பிறகு, சாம்பலுக்குள் கிடந்ததை யாரோ எடுத்து வந்து போட்டதுதான் இது என்றார். மூத்தம்மா அதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

ஒப்படைத்ததா, எடுத்ததா? இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று இந்தக் கரையில் வளர்ந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பட்டடைகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம். வாசித்ததையும் கண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

கல், அடைகல், பட்டடை

பட்டறை என்றால் கொல்லர் வேலை செய்கிற இடம். பட்டடை என்றால் சூடேறிய இரும்பை வைத்து அடிக்கிற அடித்தளம். பேச்சில் இரண்டும் கலந்துபோகும்; எங்கட ஊரில் பலர் இரண்டையும் பட்டறை என்றே சொல்கிறார்கள். அகராதிகளில் அடைகல் என்ற பெயரும் இருக்கிறது. இன்னும் பழைய பெயர் உலைக்கல். அந்தப் பெயருக்குள்ளேயே கல் இருப்பதைப் பாருங்கள். இரும்பு அரிதாகவும் விலையாகவும் இருந்த காலத்தில், உலகத்தின் பல பகுதிகளில் கொல்லர்கள் வைரமான கல்லின் மேல்தான் இரும்பை அடித்தார்கள். ஆபிரிக்காவின் சில இடங்களில் மிக அண்மைக் காலம் வரை அப்படித்தான்.

தமிழ் இலக்கியத்தில் இந்தச் சாமான் இரண்டு இடங்களில் நிற்கிறது, இரண்டும் நேர் எதிர். புறநானூற்றின் 170ஆம் பாட்டில், உறையூர் மருத்துவன் தாமோதரனார், பிட்டங்கொற்றன் என்ற வீரனை உலைக்கல்லுக்கு ஒப்பிடுகிறார். கொல்லன் வேகமாக ஓங்கி அடிக்கிற கூடத்தை எதிர்கொண்டு அசையாமல் நிற்பவன் அவன் என்கிறார். திருக்குறளில் கூடாநட்பு அதிகாரத்தின் முதல் குறளான 821இல் பட்டடை வருகிறது. அங்கே அது பொய் நண்பன். தாங்குவது போலக் கீழே இருக்கும். சமயம் வந்தால் அடி விழுவதற்கு அதுவே துணை போகும். ஒரே இரும்பு, ஒருவருக்கு உறுதி, இன்னொருவருக்குத் துரோகம். எங்கட வீட்டுக் கட்டி இதில் எது என்றுதான் நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

முஸ்லிம் வீடுகளில் இரும்பு வேலையைப் பற்றிய நினைவு வேறு வழியாக வருகிறது. குர்ஆனின் 57ஆவது அத்தியாயத்தின் பெயரே அல்ஹதீத், அதாவது இரும்பு. நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதைக் குர்ஆன் மதரசாவில் படிக்காதவர்கள் இல்லை. ஆரம்ப காலத்திலேயே இஸ்லாத்தை ஏற்று மக்காவில் கடுமையாக வதைக்கப்பட்ட கப்பாப் இப்னு அல்அரத் (ரழி) வாள் அடிக்கிற கொல்லர். தொழில் மேல் எங்களுக்கு மரியாதை இருந்திருக்கிறது. ஆனால் இந்தக் கரையில் உலையில் நின்றவர்கள் பெரும்பாலும் தமிழ்க் கொல்லர் குடும்பங்கள்தான். அதற்குப் பிறகு வருவோம்.

கச்சான் காற்றும் சரந்தீப் வாளும்

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று எங்கட கரையை வறுத்தெடுக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்துபோய் எங்கட பக்கம் இறங்குகிறது. அதே பருவக்காற்றை மலையின் தெற்கு ஓரத்தில் இருந்தவர்கள் வேறு ஒன்றுக்குப் பயன்படுத்தினார்கள். இரும்பு உருக்கினார்கள்.

பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவ நீர்த்தேக்கத் திட்டம் நடந்தபோது, அந்தப் பகுதியை ஆராய்ந்த தொல்லியலாளர் கில் ஜூலெஃப், மேற்கு நோக்கிய மலைச் சரிவுகளில் 77 உலைத் தலங்களைக் கண்டுபிடித்தார். துருத்தி இல்லாமல் காற்றின் வேகத்திலேயே எரிந்த உலைகள். காலம் 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை. இது நடக்கிற காரியமா என்று பலர் சந்தேகப்பட, அதே மாதிரி உலையைக் கட்டி, காற்று வீசுகிற பருவத்தில் எரித்துப் பார்த்தார்கள். கரிமம் கூடிய நல்ல உருக்கு கிடைத்தது. 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அது வெளிவந்தது.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் சரந்தீப் வாள்கள் தனியாகப் பேசப்படுகின்றன. சரந்தீப் என்பது இலங்கைக்கு அரபிகள் வைத்த பெயர். காலத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்: அல்கிந்தி எழுதிக்கொண்டிருந்தபோது சமனலவெவச் சரிவில் உலைகள் எரிந்துகொண்டிருந்தன.

உலையிலிருந்து வருகிற இரும்பு அப்படியே கத்தியாகாது. அதை மறுபடி மறுபடி சூடாக்கி, அடித்து, கசடை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒரு பட்டடை வேண்டும். தெற்காசியாவின் பழைய பட்டடைகள் பெரும்பாலும் கொம்பு இல்லாதவை. மரக் குற்றியில் அல்லது நிலத்தில் பாதி இறக்கிய சதுர இரும்புக் கட்டிகள். கொல்லர் நிலத்தில் குந்தி இருந்து அடிப்பார். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில், அழிந்துகொண்டிருந்த உள்நாட்டு இரும்பு உருக்கும் தொழிலைப் பதிவு செய்தார். அந்தக் காலத்திலேயே துறைமுகங்களில் ஐரோப்பிய இரும்பு மலிவாக இறங்கிக்கொண்டிருந்தது.

கப்பலில் வந்த கொம்பு

எங்கட கிணற்றடிக் கட்டிக்குக் கொம்பு இருக்கிறது. ஆகவே அது கப்பலில் வந்தது என்று முதலிலேயே ஊகித்தோம். ஒரு பக்கம் கூம்பு மூக்கு, மேலே தட்டையான முகம், முகத்தின் வால் பக்கம் ஒரு சதுரத் துளையும் ஒரு சின்ன வட்டத் துளையும், நடுவில் ஒடுங்கிய இடுப்பு, கீழே விரிந்த பாதம். இதை இலண்டன் வடிவம் என்கிறார்கள். கூம்பு, வளையம் வளைக்க. சதுரத் துளை, உளி போன்ற துணைக் கருவிகளைச் செருக. வட்டத் துளை, ஆணித் துளை குத்தும்போது குத்தூசி கீழே இறங்க.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மத்தியப் பகுதியும் ஷெஃபீல்டும் இந்தப் பட்டடைகளை உலகம் முழுக்க அனுப்பின. டட்லியில் பீட்டர் ரைட். ஷெஃபீல்டில் மவுஸ்ஹோல் உலை. மவுஸ்ஹோல்காரர்கள் தங்கள் பட்டடையில் எலிப் படத்தையே முத்திரையாகக் குத்தினார்கள். உடம்பு தேனிரும்பு, முகத்தில் மட்டும் ஒரு உருக்குத் தகடு. அந்தத் தகட்டைச் சூட்டிலேயே அடித்து உடம்போடு ஒட்ட வைத்து, பிறகு தண்ணீரில் குளிர்வித்து வைரமாக்குவார்கள். தகட்டின் தடிப்பு கிட்டத்தட்ட அரை அங்குலம். பட்டடையின் உயிர் அந்த அரை அங்குலத்தில்தான் இருக்கிறது. சுவீடனின் ஸோடர்ஃபோர்ஸ் போன்ற ஆலைகள் பின்னர் முழுதும் உருக்கிலேயே வார்த்து, வருஷத்தையும் பக்கத்தில் பதித்தார்கள்.

பிரித்தானியப் பட்டடையின் இடுப்பில் மூன்று எண்கள் இருக்கும். அதை வாசிக்க இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது; எங்கட மூத்தாப்பாமாருக்குத் தெரிந்திருக்கும். ஏனென்றால் அவர்கள் நெல்லை அந்தரில் நிறுத்தவர்கள். முதல் எண் அந்தர். ஒரு அந்தர் 112 இறாத்தல். இரண்டாவது, கால் அந்தர். அதாவது 28 இறாத்தல், ஆகவே இந்த எண் 3ஐத் தாண்டாது. மூன்றாவது, மிச்ச இறாத்தல், 27ஐத் தாண்டாது.

எங்கட கட்டியில் ஒரு பக்கத்தைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, மேலே கோலப்பொடியைத் தடவி, டோர்ச்சைச் சாய்வாகப் பிடித்தபோது 1, 1, 7 என்ற எண்கள் எழுந்தன. 112, 28, 7. கூட்டினால் 147 இறாத்தல். ஏறக்குறைய 67 கிலோ. அதற்கு மேலே எழுத்துகள் பாதி துருவில் போயிருந்தன. பீட்டர் ரைட்டின் வட்ட முத்திரையின் ஒரு துண்டு தெரிந்தது. பாதத்தின் முன்னால் அந்த ஆலைக்கே உரிய தட்டையான சின்னப் படியும் இருந்தது. டட்லியில் அடித்த இரும்பு, கல்முனைக் கிணற்றடியில்.

இங்கிலாந்து என்ற சொல் குத்தியிருந்தால் காலத்தை இன்னும் நெருக்கிச் சொல்லலாம் என்கிறார்கள். 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைப் பொறிக்கச் சொன்னது. அதற்குப் பிறகுதான் இந்தப் பழக்கம் பரவியது. எங்கட கட்டியில் அந்த இடத்தைத் துரு தின்றுவிட்டது. ஆகவே வருஷம் சொல்ல மாட்டோம்.

ஒரு வேடிக்கையைக் கவனித்தோம். கொல்லருக்குப் பட்டடையை விற்ற அதே நாடு, கொல்லரின் வேலையைப் பறிக்கிற சாமான்களையும் அனுப்பியது. வுல்வர்ஹாம்டனில் சில்லிங்டன் கொம்பனி முதலை முத்திரை போட்ட மண்வெட்டிகளை ஆயிரக்கணக்கில் அடித்துக் காலனி நாடுகளுக்கு ஏற்றியது. கொல்லருக்கு மிஞ்சியது, தேய்ந்த மண்வெட்டிக்கு முனை வைத்துக் கொடுக்கிற வேலை.

ரயில் வராத ஊரில் தண்டவாளம்

எல்லாக் கொல்லருக்கும் கப்பல் பட்டடை கிடைக்கவில்லை. தண்டவாளத் துண்டைப் பட்டடையாக வைத்திருப்பதை இலங்கையிலும் இந்தியாவிலும் எங்கும் காணலாம். காரணம் எளிது. தண்டவாளம் நல்ல உருக்கு. மேல்பக்கம் உருண்டு திரண்டது. அடியில் அகலமாக இருப்பதால் ஆடாமல் நிற்கும். கெஜத்துக்கு 80 இறாத்தல் வகைத் தண்டவாளமென்றால், ஒரு அடித் துண்டு 26 இறாத்தலுக்கு மேல் வரும், 12 கிலோ. படுக்க வைத்து அடித்தால் துள்ளும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் நட்டக்குத்தாக நிறுத்தி, கீழ்ப்பாதியை மரக்குற்றிக்குள் இறக்கிவிடுவார்கள். அடி நேரே கீழே போகும். அவ்வளவு உருக்கும் அடியைத் தாங்கும்.

மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1920களின் கடைசியில். அங்கிருந்து கல்முனை சுமார் 40 கிலோமீட்டர். அந்த 40 கிலோமீட்டரை ரயில் இன்றுவரை தாண்டவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் பாதை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், மேடையில். தண்டவாளம் மட்டும் துண்டு துண்டாகக் கொல்லர் கையில் வந்து சேர்ந்திருக்கிறது.

உலையும் வயலும்

மருதமுனை என்றால் நெசவு. சம்மாந்துறை என்றால் நெல். எங்கட ஊர்களின் தொழில் வரலாறு இப்படித்தான் சொல்லப்படுகிறது. நெசவைப் பற்றி எழுதியவர்கள் இருக்கிறார்கள். நெல்லைப் பற்றிக் கவியே இருக்கிறது. அந்த நெல்லை அறுத்த தாக்கத்தி எங்கே அடிக்கப்பட்டது என்று யாரும் எழுதவில்லை.

பெரும்போகம் தொடங்குமுன் மண்வெட்டிக்கு முனை வைக்க வேண்டும். மாட்டு ஏர் இருந்த காலத்தில் கொழு அடிக்க வேண்டும். அறுவடைக்கு முன் தாக்கத்திக்குப் பல் வெட்ட வேண்டும். காடு வெட்ட வாக்கத்தி, குழி தோண்ட அலவாங்கு, மாட்டுவண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டை, தோணிக்கு நங்கூரம். முஸ்லிம் போடியாரின் வயலும் தமிழ்ப் போடியாரின் வயலும் ஒரே உலையில்தான் போய் நின்றன. கூலி காசாக மட்டும் போகவில்லை. சூடு அடித்து முடிந்ததும் களத்திலிருந்து நெல்லாகவும் போகும் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து ஆய்வைத் தொடங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இந்தக் கரையின் தமிழர், முஸ்லிம்களின் குடி முறை, கோயில், பள்ளிவாசல், தொழில் சாதிகள் என்று பல பத்தாண்டுகள் எழுதினார். 2008இல் வந்த அவருடைய பெரிய நூலின் பெயர் 'குருசிபிள் ஒஃப் கொன்ஃப்லிக்ட்'. குருசிபிள் என்றால் மூசை; கொல்லரும் தட்டாரும் உலோகம் உருக்குகிற மண் பாத்திரம். எங்கட இரண்டு சமூகங்களின் கதைக்குத் தலைப்புத் தேடிப் போனவருக்கு உலையடிச் சாமான்தான் கிடைத்திருக்கிறது.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் வயலைப் பெருக்கியது. கூடவே உழவு மெஷின் வந்தது, கொழு அடிக்கிற வேலை குறைந்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. பிறகு லேண்ட்மாஸ்டர். பிறகு வெட்டு மெஷின், தாக்கத்தியும் ஓய்ந்தது. இது எல்லா ஊரிலும் நடந்ததுதான்.

எங்கட கரையில் இதோடு இன்னொன்றும் நடந்தது. 1985இலும் 1990இலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் இரத்தம் ஓடியது. பள்ளிவாசலில் தொழுதவர்கள் கொல்லப்பட்டார்கள்; கோயிலில் அடைக்கலம் புகுந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு பக்கமும் வீடுகள் எரிந்தன, இரண்டு பக்கமும் ஊரை விட்டு ஓடினார்கள். அந்தக் கணக்குகளை எழுதியவர்கள் சாவை எண்ணினார்கள், எண்ணத்தான் வேண்டும். ஆனால் வயலும் உலையும் ஒருவரை ஒருவர் பார்ப்பது எந்தக் கிழமையில் நின்றது என்பதற்குப் பதிவே இல்லை. முஸ்லிம் ஊரில் வெல்டிங் கடைகள் முளைத்தன. தமிழ் ஊருக்குத் தனிக் கடைகள். அவரவர் மண்வெட்டியை அவரவர் ஊரில் ஒட்டிக்கொண்டார்கள்.

துரு என்ன சொல்கிறது

பட்டடையைத் துப்புரவாக்குவது எப்படி என்று தேடினால், மேற்கு நாட்டுச் சேகரிப்பாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: முகத்தில் கிரைண்டரை வைக்காதே. பள்ளத்தை மட்டமாக்குகிறேன் என்று அரைக்கத் தொடங்கினால், அந்த அரை அங்குல உருக்குத் தகடு போய்விடும். பிறகு மினுக்கம் மட்டும்தான் மிச்சம். சுத்தியல் பட்டால் பள்ளம் விழும். உடைந்த ஓரத்தை வெல்டிங் பண்ணுவதும் லேசு இல்லை. முழுக் கட்டியையும் முதலில் சூடேற்றி, அதற்கேற்ற குச்சியால் ஒட்டி, மெதுவாக ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் வெடிப்பு விழும்.

எங்கட பட்டடைக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. 2004 டிசம்பர் 26 அலை அந்த வளவுக்குள் வந்து மதிலைக் கொண்டுபோனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போன நாள் அது. பட்டடை போகவில்லை, மணலுக்குள் பாதி புதைந்து கிடந்தது. மணலுக்குள் இருந்த பக்கம் குழி குழியாகத் துரு தின்றிருக்கிறது. இரும்புக்குள் உப்பு இறங்கினால் மேலே சுரண்டி மட்டும் காரியமில்லை. உப்பு உள்ளேயிருந்து மறுபடி துருவை வளர்க்கும். நல்ல தண்ணீரில் ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, வாரக் கணக்காகப் பொறுக்க வேண்டும். அதைச் செய்தோம். பிறகு கம்பிப் பிரஷ், துணி, தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான். எழுத்து இருந்த பக்கத்தில் கம்பிப் பிரஷும் இல்லை.

பட்டடைக்கு இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று காதால்: சின்னச் சுத்தியலால் தட்டினால் தேனிரும்பு உடம்பு மணி போலக் கத்தும், மலிவான வார்ப்பிரும்பு 'தொக்' என்று கிடக்கும். மற்றது கண்ணால்: பெயாரிங் குண்டு ஒன்றை 10 அங்குல உயரத்திலிருந்து முகத்தில் விழ விடுங்கள். நல்ல முகம் 7, 8 அங்குலம் திருப்பி அனுப்பும். தீயில் கிடந்த பட்டடை அனுப்பாது. வைரமாக்கிய உருக்கு பெருஞ்சூட்டில் கிடந்து ஆறினால் மென்மையாகிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, குண்டு மட்டும் செத்து விழும்.

இதை வாசித்ததும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மாமா சொன்ன கதை சாம்பல் கதை. மூத்தம்மா சொன்னது வண்டிக் கதை.

சைக்கிள் கடையில் ஒரு குண்டு வாங்கி வந்து, முகத்தில் ஆறேழு இடங்களில் விழ விட்டோம். பக்கத்தில் அடிமட்டம் பிடித்து, ஃபோனில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். ஏழு அங்குலம். சில இடங்களில் ஏழரை. மூத்தம்மா திண்ணையிலிருந்து "என்ன விளையாட்டு இது" என்று கேட்டா. நாங்கள் சொல்லவில்லை.

இதை முடிந்த ஆதாரம் என்று சொல்ல மாட்டோம். கிடுகுக் கூரை எரிகிற சூட்டில் 67 கிலோ இரும்பு கெடுகிற அளவுக்குச் சூடேறியிருக்குமா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் குண்டு செத்து விழுந்திருந்தால் மூத்தம்மாவின் கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். விழவில்லை. கிரைண்டர் போட்டு மினுக்கியிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாமல் போயிருக்கும்.

காட்டுவதும் கொடுப்பதும்

பட்டடையைக் காட்டிப் பெருமைப்படுவது புதுப் பழக்கம் இல்லை. இங்கிலாந்துக் கொல்லர்கள் நவம்பர் 23இல், தங்கள் காவலராகக் கருதும் புனித கிளெமெந்தின் நாளில், பட்டடையில் வெடிமருந்து வைத்து வெடித்துக் கொண்டாடினார்கள். ஸ்கொட்லாந்தின் கிரெட்னா கிரீனில், வீட்டுக்குத் தெரியாமல் ஓடி வந்த சோடிகள் கொல்லர் பட்டறையில் கலியாணம் முடித்தார்கள். அந்தப் பட்டடை இன்று சுற்றுலாப் பொருள். அமெரிக்காவில் ரிச்சர்ட் போஸ்ட்மன் 1998இல் அந்த நாட்டுப் பட்டடைகளைப் பற்றி மட்டும் ஒரு தடித்த நூலே எழுதினார். அதைப் பார்த்துத்தான் சேகரிப்பாளர்கள் முத்திரை வாசிக்கிறார்கள். எங்கட பக்கத்துத் தமிழ்க் கொல்லர்கள் நவராத்திரி முடிகிற ஆயுத பூசையில் பட்டடையைக் கழுவி, எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அன்றைக்கு அதன் மேல் அடி விழாது.

காட்டுவதைப் பற்றி ஔவையாருக்கு ஒரு கருத்து இருந்தது. அதியமானுக்காகத் தூது போன இடத்தில் தொண்டைமான் தன் ஆயுத சாலையைக் காட்டினான். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அதுதான். இங்கே எல்லாம் பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி அழகாக இருக்கிறது. எங்கள் ஆளுடைய ஆயுதங்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வது போல ஒரு இடி.

அந்த இடி எங்களுக்கும் விழுந்தது. பட்டடையை நடுவில் வைத்து, எங்கட கூட்டத்தின் பெயரோடு ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று யோசித்தோம். படமும் எடுத்தாயிற்று. போடுவதற்கு முன் மூத்தம்மா கேட்டா: "உரியாக்கள்ட கேட்டயளா?"

கேட்கவில்லை. அதன் பிறகுதான் தேடினோம். தூரம் போகத் தேவையிருக்கவில்லை. தெரிந்த ஒரு தமிழ் நண்பர், அவருக்குத் தெரிந்த ஒரு ஓடாவி, இரண்டு ஃபோன். கொல்லர் உயிரோடு இல்லை. மகன் இருக்கிறார். வெல்டிங் கடை வைத்திருக்கிறார். 30 வருஷத்துக்கு மேலாகக் கிணற்றடியில் கிடந்த சாமானின் சொந்தக்காரர், பஸ்ஸில் கால் மணி நேரத் தூரத்தில்.

அவர் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தார். முத்திரை, 147 இறாத்தல், டட்லி என்று நாங்கள் சொல்லிக்கொண்டே போனோம். கேட்டுக்கொண்டு நின்றவர், குனிந்து முகத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்தார். அங்கே ஒரு மெல்லிய பள்ளம் இருக்கிறது; நாங்கள் அதைக் குறை என்று குறித்து வைத்திருந்தோம்.

"இது அப்பா அடிச்ச இடம். எப்பயும் இதிலதான் வெச்சு அடிப்பாரு" என்றார். பிறகு: "மூக்கு நுனி உடைஞ்சது நான் சின்னப் பொடியனா இரிக்கக்குள்ள. நான்தான் சம்மட்டியால அடிச்சன். நல்ல பேச்சு வாங்கினன்."

வண்டிக் கதையை நாங்கள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தது அவர்தான். பட்டறை எரிந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. "துருத்தியையும் ஏத்தியிருக்கலாம். மாடு இழுக்கல்ல."

மாமா அங்கே நின்றார். ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்தார்.

மூத்தம்மா வெளியே வந்து, "ஒங்கட வாப்பா வருவாரு எண்டு பாத்து இருந்தம் மனே" என்றா. அவர், "வரத்தான் இருந்தாரு உம்மா" என்றார்.

ஐந்து பேர் தூக்கி லேண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றினோம். இப்போது அது அவருடைய கடை வாசலில், புது மரக்குற்றியில் நிற்கிறது. உலை இல்லை. யாரும் தாக்கத்தி கேட்டு வருவதில்லை. வளைந்த கேற் பிணைச்சலை அதில் வைத்து நிமிர்த்துகிறார். கொல்லர் தொழில் திரும்பிவிட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் அந்தப் பள்ளத்தில் மறுபடி அடி விழுகிறது.

எங்களிடம் இருப்பது படங்களும், மூன்று எண்களும், இந்தக் கதையும். உங்கட வளவிலும் இப்படி ஒரு கட்டி கிடக்கலாம்: கிணற்றடியில், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், படலைக்கு முண்டாக. பழைய இரும்புக்காரர் தராசோடு வருவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இடுப்பைத் துடைத்து எண் இருக்கிறதா என்று பாருங்கள். முகத்தில் குண்டு போடுங்கள். படம் எடுங்கள். எங்கிருந்து வந்தது, யார் அதில் அடித்தார் என்று வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு பேர் இரண்டு கதை சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். கிரைண்டரைத் தொடாதீர்கள். உரியவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று ஒரு ஃபோன் போடுங்கள். எங்களுக்கு இரண்டு ஃபோன்தான் எடுத்தது.